என் ஆவிக்கு மோர்க்குழம்பு பிடிக்கும்

“மறு உலகின் கதவு திறக்கிறது! ஹாலோவீன் மாலையில் உங்கள் முன்னோர் உங்களோடு பேசுகிறார்கள்! மைண்ட் மாஸ்டர் விநாயகமூர்த்தி நேரில் தோன்றுகிறார்! குடும்ப டிக்கெட்டுக்குத் தள்ளுபடி உண்டு!”

ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதி மளிகைக் கடைகளில் இந்த நோட்டீஸ் ஒட்டாத கண்ணாடி இல்லை. பொன்னி அரிசித் தள்ளுபடிக்கும் தீபாவளிப் புடவை விற்பனைக்கும் நடுவில் கறுப்பு அங்கியும் தலைப்பாகையும் குங்குமப் பொட்டுமாக விநாயகமூர்த்தி முறைத்துக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப் குழுக்களில் அவரைத் தவிர வேறு பேச்சில்லை. ஆக்லாந்தில் வாடகைக்கு வீடு கேட்டு எழுதினால் பதில் சொல்ல ஆளிருக்காது. ஆவிக்கு டிக்கெட் கேட்டால் ஐந்து பேர் நம்பர் கொடுத்தார்கள்.

ஹாலோவீனுக்கும் நம் முன்னோருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுன்னாகத்திலும் கும்பகோணத்திலும் காலமான பெரியவர்கள் அக்டோபர் கடைசியில் வெள்ளைக்காரர் கொண்டாடும் பேய்த் திருநாளை எந்தக் காலண்டரில் பார்த்தார்கள்? பாஸ்போர்ட்டே எடுக்காதவர்கள் விசா இல்லாமல் நியூசிலாந்து வந்து இறங்கியது எப்படி? நமக்குத்தான் விசாவுக்கு அத்தனை கேள்வி கேட்கிறார்கள். ஆவிக்கு ஒன்றும் கிடையாது போலிருக்கிறது.

நான் ரவிசங்கர். வெஸ்ட்கேட்டில் புது வீடு, அதற்குக் கிழவனாகும்வரை கட்டவேண்டிய மார்ட்கேஜ், ஒரு மனைவி. மனைவி பெயர் சிந்து. மென்பொருள் சோதிப்பது அவள் தொழில். அடுத்தவர் எழுதிய புரோகிராமுக்கு வேண்டுமென்றே தப்பான தகவலைக் கொடுத்து, அது தடுக்கிறதா, வாயைத் திறந்து விழுங்குகிறதா என்று பார்ப்பாள். அதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறாள்.

அவள் தம்பி பிரசாத் மருத்துவமனையில் நர்ஸ். அவனுக்கும் ஏவன்டேலில் இருக்கும் வித்தியாவுக்கும் ஜனவரியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. பையன் திருச்சி, பெண் யாழ்ப்பாணம். வித்தியாவின் அம்மா குணவதி ஆன்ட்டி முதலில் தயங்கினாலும், பிறகு சம்மதித்து மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் யாரோ கூப்பிட்டார்கள் என்று விநாயகமூர்த்தியின் சிறிய ‘குடும்ப அமர்வு’ ஒன்றுக்கு அவர் போனார். அங்கே ஆன்ட்டியின் கணவர் மகேசன் வந்தார். அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. வந்தவர் சும்மா போகவில்லை. “இந்தச் சம்பந்தம் எனக்குச் சரியாப் படேல்ல. ஹாலோவீன் அண்டைக்குக் கதவு முழுசாத் திறக்கும். அப்ப வந்து கடைசி முடிவு சொல்லுறன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏன் அன்றைக்கே முடிவு சொல்லவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? சம்மதம் என்று சொல்லிவிட்டால் ஆன்ட்டி வீட்டுக்குப் போய்ப் பலகாரம் சுடுவார். இழுத்தடித்தால் திரும்பத் திரும்ப வருவார். இதற்கு ஆவி தேவையில்லை, கடை நடத்தத் தெரிந்தால் போதும்.

விஷயம் கேள்விப்பட்டு நானும் சிந்துவும் ஏவன்டேலுக்கு ஓடினோம். ஆன்ட்டி இடியப்பமும் சொதியும் வைத்தார். முகத்தில் சிரிப்பில்லை. வித்தியா அழுது முடித்துச் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா வேணாம் எண்டு சொன்னா நான் செய்யமாட்டன், சிந்து. அவற்ற சொல்லை மீறி நான் ஒண்டும் செய்ததில்லை” என்றார் ஆன்ட்டி.

“அம்மா, ப்ளீஸ், இட்ஸ் எ ஷோ!” என்றாள் வித்தியா.

“ஷோ எண்டா சுன்னாகத்து வீட்டு வாசல்ல நிண்ட பலா மரம் அந்தாளுக்கு என்னெண்டு தெரியும்? அப்பா சண்டே மார்க்கெட்டில முருங்கைக்காய்க்கு விலை பேசுறது என்னெண்டு தெரியும்?”

சிந்து இடியப்பத்தைப் பிய்த்தபடி மெதுவாக ஆரம்பித்தாள். “ஆன்ட்டி, அன்னைக்கு நிகழ்ச்சி சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சுதா?”

“இல்லை, ஒரு மணித்தியாலத்துக்கு மேல சுணங்கிட்டுது. அதுக்கென்ன? எங்கட ஆக்கள்ட நிகழ்ச்சி எப்ப நேரத்துக்குத் துவங்கினது?”

“அதுவரைக்கும் என்ன பண்ணீங்க?”

“தேத்தண்ணி குடிச்சம். ஊத்தின பிள்ளை நல்ல பண்பான பிள்ளை. ‘அன்ரி, ஊரில எவடம்?’ எண்டு கேட்டது. சுன்னாகம் எண்டு சொல்லிப்போட்டுக் கொஞ்சம் கதைச்சனாங்கள்.”

“கொஞ்சமா?” வித்தியா தலையில் கை வைத்தாள். “அம்மா, அவவுக்கு என்ர ப்ளட் குரூப்கூடத் தெரியும்!”

“அந்தத் தேத்தண்ணிப் பிள்ளைதான் ஆன்ட்டி, உங்க ஆவி” என்று சிந்து சொன்னதுதான் தாமதம், ஆன்ட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. “சும்மா ஆக்களில பழி போடக் கூடாது. அவள் பாவம், ஆசையாக் கதைச்சவள்” என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். என் தட்டுக்கு மட்டும் இன்னும் இரண்டு இடியப்பம் வந்தது.

திரும்பும் வழியில் மோட்டார்வே முழுக்கச் சிந்து போனில் அந்த நோட்டீஸையே படித்துக்கொண்டு வந்தாள். வெஸ்ட்கேட் வந்ததும் சொன்னாள்: “சொன்னா நம்பமாட்டாங்க. காட்டணும். ஒரு டெஸ்ட் கேஸ் இருக்கு.”

“என்ன டெஸ்ட்?”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். கத்தரிக்காயில் சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. “நீங்க காரை நிறுத்திட்டு லேட்டா வாங்க. என் பக்கத்துல உட்காராதீங்க. யார்கிட்டயும் பேரைச் சொல்லாதீங்க. மேடையில உங்க பேர் வந்து, நான் திரும்பிப் பார்த்தா எந்திரிச்சு நில்லுங்க. அவ்வளவுதான்.”

கல்யாணமான இத்தனை வருடத்தில் இவ்வளவு சுலபமான வேலையை அவள் எனக்குக் கொடுத்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஹாலோவீன் மாலை வந்தது. மாலையாவது? இந்த ஊரில் அப்போது வசந்தகாலம். எட்டு மணிக்குப் பக்கம் வரை வெயில் பல்லைக் காட்டும். பேய்க்கு இருட்டு வேண்டுமே! சமூக மண்டபத்து ஜன்னல்களில் கறுப்புக் குப்பைப் பைகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒட்டு விட்ட இடங்களில் வெளிச்சம் எட்டிப் பார்த்தது. மேடையில் ஒரு பூசணிக்காய்க்குக் கண்ணும் வாயும் வெட்டி வைத்திருந்தது. மற்ற நாட்களில் திருஷ்டி கழிக்க அதை ரோட்டில் போட்டு உடைப்போம். இன்றைக்குக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். அதற்குள் கற்பூரம் வைக்க முடியாது. புகை பட்டால் மண்டபத்து அலாரம் அலறித் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். அதனால் பேட்டரி விளக்குதான். மறு உலகையே திறக்கிறவர் ஸ்மோக் அலாரத்துக்குப் பயந்தார்.

நிகழ்ச்சி ஐந்து மணிக்கு என்று போட்டிருந்தது. ஐந்தரைக்கு மைக்கைத் தட்டி, “சவுண்ட் செக்” என்றார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. கூட்டம் முழுக்கத் தேநீர் மேசையைச் சுற்றி நின்றது.

அங்கேதான் கலை நயத்தைப் பார்க்க வேண்டும்! மேசையில் இரண்டு கொதிகலன்கள், இரண்டு பெண்கள். இடப்பக்கம் நின்றவர், “அன்ரி, ஊரில எவடம்?” என்றார். “கொக்குவிலோ? ஓம், ஓம்.” வலப்பக்கம் நின்றவர், “சார், நீங்க எந்த ஊர்? மன்னார்குடியா? ஆமா, ஆமா” என்றார். ஈழத்தமிழர்கள் தாமாகவே ஓம் பக்கம் போனார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் ஆமா பக்கம் ஒதுங்கினார்கள். கணக்கெடுக்க வருகிற அரசாங்க அதிகாரியிடம் வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லவே யோசிக்கிற ஜனங்கள், ஒரு டீக்கு மூன்று தலைமுறையைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மாமனார் எந்த ஆஸ்பத்திரியில் போனார், சித்தி கடைசியாக என்ன சாப்பிட்டாள், தம்பி ஏன் பேசுவதில்லை, எல்லாம் வந்தது. ஆள் நகர்ந்ததும் இரண்டு பெண்களும் போனை எடுத்து ஏதோ தட்டினார்கள். இந்தக் காலத்தில் போன் தட்டாதவர் யார்? ஒருவரும் கவனிக்கவில்லை.

என்னிடமும் ஆமா அக்கா, “சார் எந்த ஊர்?” என்று கேட்டார்.

“டீ மட்டும் போதும்” என்றேன்.

இவன் தமிழன்தானா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். டீயையும் பாதி கப்தான் ஊற்றினார். நான் வடை ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன். சிந்து நடு வரிசையில் தனியாக, மூக்கை உறிஞ்சியபடி உட்கார்ந்திருந்தாள். குணவதி ஆன்ட்டி முதல் வரிசையில் நல்ல பட்டுச் சேலை கட்டி வந்திருந்தார். கணவரைப் பார்க்கப் போகிறவர் அல்லவா! பக்கத்தில் வித்தியா அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள்.

ஒருவழியாக விளக்கு அணைந்தது. விநாயகமூர்த்தி அங்கி தடுக்காமல் மேடை ஏறினார்.

“எல்லாரும் கண்ணை மூடுங்க. மனசுல ஒரு பழத்தை நினைங்க. நினைச்சாச்சா? இந்த மண்டபத்துல முக்கால்வாசிப் பேர் நினைச்சது மாம்பழம்!”

மண்டபம் அதிர்ந்தது. “ஐயோ, நான் அதைத்தான் நினைச்சேன்!” என்று என் பக்கத்தில் இருந்த அம்மாள் மார்பில் கை வைத்தார். தமிழனைப் பழம் நினைக்கச் சொன்னால் மாம்பழம் நினைக்காமல் கிவிப்பழமா நினைப்பான்?

பிறகு ஆவிகள் வந்தன. சரத் என்பவரின் தாயார் வந்து, தங்கையோடு இன்னும் கோபமா என்று கேட்டார். சரத் விம்மினார். விநாயகமூர்த்தி ஆளுக்குத் தகுந்தபடி யாழ்ப்பாணத்துக்கும் தஞ்சாவூருக்கும் குரலை மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு ஆவியும் போகும்போது மட்டும் ஒரே வசனத்தைச் சொன்னது: “இன்னும் நிறையச் சொல்லணும். தனியா வா.” எந்த மாவட்டத்து ஆவியாக இருந்தாலும் புக்கிங் விவரத்தை மறக்கவில்லை.

“இப்ப ஒரு இளவயசு ஆத்மா வருது…” அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “திடீர்ச் சாவு. நெஞ்சு வலி. புல் வெட்டிட்டு இருந்த நேரம். சிந்து… சிந்துங்கிற பொண்ணு இங்க இருக்கா?”

வாய்க்குக் கொண்டுபோன வடை பாதி வழியில் நின்றது.

சிந்து கைக்குட்டையோடு எழுந்தாள். விநாயகமூர்த்தியின் குரல் இறங்கிக் குழைந்தது. “சிந்து, அழாதே. நான்தான், உன் ரவிசங்கர்.”

நான் பகுத்தறிவாளன்தான். ஆனாலும் கையில் வடையோடு சொந்த ஆவியின் குரலைக் கேட்பதற்குத் தனித் தைரியம் வேண்டும். யாருக்கும் தெரியாமல் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“உன் கையால மோர்க்குழம்பு சாப்பிடாம போயிட்டேனே, சிந்து!” என்று என் ஆவி கதறியது. எனக்கு மோர்க்குழம்பு ஆகவே ஆகாது. “மார்ட்கேஜைப் பத்திக் கவலைப்படாதே. எல்லாம் நல்லபடியா முடியும்.” உயிரோடிருக்கிற ரவிசங்கரால் அந்த வார்த்தையை ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. “இன்னும் நிறையச் சொல்லணும். தனியா…”

“என்ன?” முதல் வரிசையில் குணவதி ஆன்ட்டி துள்ளி எழுந்தார். “ரவியோ? எங்கட ரவியோ? போன கிழமை என்ர வீட்டில இடியப்பம் சாப்பிட்ட பிள்ளையெல்லோ! எப்ப நடந்தது? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!”

சிந்து கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன்.

“நான்தாங்க ரவிசங்கர்” என்றேன். வேறு என்ன சொல்வது?

கூட்டம் திகைத்தது. இனி எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று நினைத்தேன். எங்கே! மாம்பழ அம்மாள் தன் தட்டை இழுத்துக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போனார். முன்னால் இருந்தவர் குனிந்து என் கால் தரையில் படுகிறதா என்று பார்த்தார். ஒருவர் ‘முருகா’ என்றார். என்னை ஆவி என்று நம்பத் தயாராக இருந்தார்கள், விநாயகமூர்த்தியைப் பொய்யர் என்று நம்பத்தான் மனம் வரவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு அலறல் கேட்டது. ஆமா அக்கா கரண்டியோடு நின்றார்.

“அடிப்பாவி! கட்டின புருஷன் உயிரோட இருக்கும்போதா என்கிட்ட அப்படி அழுது அழுது சொன்னே? நெஞ்சு வலின்னியே! மோர்க்குழம்புன்னியே! எந்தப் பொம்பளையாவது இதுல பொய் சொல்லுவாளா?”

“சொல்லமாட்டாள்னு நீங்க நம்புவீங்கன்னுதான் அதைச் சொன்னேன்” என்றாள் சிந்து. “சரிங்க, உங்ககிட்ட நான் சொன்னேன். அவர்கிட்ட யார் சொன்னது?”

இருநூறு தலைகள் தேநீர் மேசைப் பக்கம் திரும்பின. ஓம் அக்கா போனைச் சேலைக்குள் செருகப் பார்த்தார். அது வெளிச்சம் காட்டிக்கொண்டு கீழே விழுந்தது. விநாயகமூர்த்தியின் கை தலைப்பாகைக்குள் போய்க் காதிலிருந்த சின்ன ஒலிபெருக்கியைத் தடவி, அங்கேயே நின்றது. போனில் தட்டியதெல்லாம் அங்கேதான் குரலாக வந்திருக்கிறது.

“என்னட்டயும் தேத்தண்ணி குடிக்கேக்கதான் கேட்டவை” என்றார் சரத், மெதுவாக. “தங்கச்சியைப் பற்றி நான்தான் சொன்னனான்.”

சாதாரண ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே அங்கியைச் சுருட்டிக்கொண்டு ஓடியிருப்பான். விநாயகமூர்த்தி தொழில் தெரிந்தவர். சடாரென்று முதல் வரிசைக்கு இறங்கி, ஆன்ட்டியின் முன்னால் கண்ணை மூடி நின்றார். குரல் யாழ்ப்பாணத்துக்கு மாறியது.

“குணவதி! நான் மகேசன் வந்திருக்கிறன். இவை செய்யிற கூத்தைப் பாத்தியே? கட்டின மனுசனையே சாகடிச்சு விளையாடுற குடும்பம். இந்தச் சம்பந்தம் வேணாம். என்ர பிள்ளையை அங்க குடுத்திடாதை!”

சிந்துவின் முகம் வெளுத்தது. அவன் எங்கள் சோதனையையே எங்களுக்கு எதிராகத் திருப்பிவிட்டான். ஆன்ட்டி கண் கலங்கி நின்றார். வித்தியா, “அம்மா…” என்றாள். ஆன்ட்டி ‘ஓம்’ என்று தலையாட்டினால் ஜனவரிக் கல்யாணம் அதோடு நின்றது.

ஆன்ட்டி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீங்கள் அவர்தான் எண்டா, என்னைக் கூப்பிடுங்கோ” என்றார்.

“குணவதி…”

“இல்லை. அவர் கூப்பிடுற மாதிரி.”

விநாயகமூர்த்தியின் நெற்றி வியர்த்தது. “குணா…” என்றார்.

ஆன்ட்டி இல்லை என்று தலையசைத்தார்.

“குணம்? …செல்லம்?”

ஓம் பக்கம் டீ வாங்கிய ஒரு பெண் களுக்கென்று சிரித்தார். பிறகு இன்னொருவர். பிறகு அந்தப் பக்கத்து மனைவிமார் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர்களுக்கு விடை தெரியும்.

“‘இஞ்சேரும்’ எண்டு கூப்பிடுவார்” என்றார் ஆன்ட்டி. எங்கள் பக்கத்தில் ‘இந்தாம்மா’ என்பார்களே, அது. “கலியாணம் கட்டின நாள் துவங்கி ‘இஞ்சேரும், தேத்தண்ணி கொண்டாரும்’, ‘இஞ்சேரும், மருந்து எங்க’ எண்டுதான். ஒரு நாளும் என்ர பேரைச் சொன்னதில்லை. என்னை நீ எண்டும் சொன்னதில்லை. அது ஒரு பேரோ? அதாலதான் அந்தப் பிள்ளையிட்ட அதை நான் சொல்லேல்ல.” அவர் குரல் உடைந்தது. “போன மாசம் நீர் குணவதி எண்டு கூப்பிட்ட உடனேயே இது அவரில்லை எண்டு எனக்கு விளங்கினது. தெரிஞ்சும் பேசாமல் இருந்தன். ஒருக்கா எண்டாலும் அவர் வரமாட்டாரோ எண்ட ஆசை.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆசைக்குத்தான் இந்த ஆள் டிக்கெட் அடித்து விற்றிருக்கிறான். அவனை அந்தப் பூசணிக்காயாலேயே அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

ஆன்ட்டி மகளைப் பார்த்தார். “பயம் எனக்குத்தான் பிள்ளை. அந்தப் பொடியன் வேற ஊர், வேற பழக்கம், உன்னை என்னெண்டு பாப்பானோ எண்டு. அதைத் தேத்தண்ணியோட சொன்னன். இந்தாள் அதை உன்ர அப்பாவின்ர வாயில வச்சுத் திருப்பித் தந்திட்டார். என்ர கேள்வியை நான் பிரசாத்திட்டயே கேக்கிறன். அவனுக்கு வாய் இருக்குத்தானே. கலியாணம் நடக்கும்.”

வித்தியா அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“இது வெறும் என்டர்டெய்ன்மென்ட்!” என்று கத்தினார் விநாயகமூர்த்தி. “நோட்டீஸ்ல அடியில போட்டிருக்கே! ஹாலோவீனுக்கு ஒரு விளையாட்டு!”

போட்டிருந்தது உண்மைதான். எறும்பு படித்துப் புரிந்துகொள்ளும் அளவில் போட்டிருந்தது. “அப்ப தனியா வரச் சொன்னீங்களே, அங்க என்ன விளையாட்டு?” என்று சிந்து கேட்டாள். யாரோ எழுந்து ஜன்னலில் ஒட்டியிருந்த குப்பைப் பையைக் கிழித்தார். பிறகு எல்லோரும் கிழித்தார்கள். மண்டபம் முழுக்க வெயில் கொட்டியது. அந்த வெளிச்சத்தில் மைண்ட் மாஸ்டரின் அங்கி வெறும் மழைக்கோட்டு என்று தெரிந்தது. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரும்வரை கூட்டம் அவரை நகரவிடவில்லை. அன்றைக்குத் தாமதமில்லாமல் நடந்தது அது ஒன்றுதான்.

நான் காருக்குப் போனேன். சிந்து பின்னால் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். “கோபமா?” என்றாள். “சாகடிச்சது பரவாயில்லை. மோர்க்குழம்பை ஏன் சொன்னே?” என்றேன்.

அதற்குள் ஒருவர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். நடந்ததையெல்லாம் மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “சார், நீங்கதானே செத்துட்டுத் திரும்பி வந்தவரு? என் ரெசிடென்ஸ் விசா எப்ப வரும்னு கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?”

சிந்து ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“ஐயா,” என்றேன், “செத்தவனைத் தேடித் தேடிக் கேட்டது போதும். உங்க தலைக்குள்ள ஒண்ணு உயிரோடதான் இருக்கு. ஒரு தடவை அதுகிட்டக் கேட்டுப் பாருங்க. டிக்கெட்டும் கிடையாது, டீயும் கிடையாது.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“அதுக்கு எங்க சார் புக் பண்ணணும்?” என்றார்.